சமமான வெட்டும் சுத்தமான வெட்டும்

உட்கார்ந்து ஓட்டிப் புல்வெட்டும் வண்டியான ரைடிங் மோவரின் டெக், அதாவது அதன் அடியில் பிளேடுகளைத் தாங்கும் தட்டையான கூடு, நான்கு மூலையிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்பது என் நண்பர் ஒருவரின் உறுதியான கருத்து. "மெஷின்னா மட்டம் பாத்துத்தானுங்க நிறுத்தணும். டெக் மேல ரசமட்டத்த வெச்சுப் பாருங்க, குமிழ் நடுவுல நின்னா சரியா இருக்குதுன்னு அர்த்தம்" என்றார். கோவையில் லேத் பட்டறை நடத்திய குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலிருந்தே இயந்திரங்களோடு வளர்ந்தவர் அவர். அவருடைய சொல்லை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வண்டியின் கையேடோ, பிளேடின் முன்நுனி பின்நுனியைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. ஏன் அப்படி என்று அது விளக்கவில்லை. சமமாக வெட்ட வேண்டிய ஒரு கருவியை வேண்டுமென்றே சாய்த்து வைக்கச் சொல்வது எனக்கும் முதலில் பொருந்தாமல்தான் பட்டது. இருவரும் சொல்வதில் எது சரி என்ற கேள்வி ஒரு வசந்த காலம் முழுவதும் என்னை விடவில்லை.

நாங்கள் வட கரோலினாவின் பீட்மான்ட் பகுதியில், செம்மண் களிநிலத்தில் வசிக்கிறோம். இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது டால் ஃபெஸ்க்யூ என்ற புல். ஏப்ரல், மே மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை வெட்டினாலும் போதாது என்று தோன்றும் அளவுக்கு வளரும்; ஜூலை வெயிலில் சோர்ந்துபோகும். எங்கள் புல்வெளி அரை ஏக்கர். 42 அங்குல டெக் ஒன்று, ஓட்டத்துக்கு ஓட்டம் மூன்று அங்குலம் மேற்பொருந்தும்படி சென்றால், ஒருமுறை வெட்டி முடிக்க ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். டெக்கில் இருக்கும் கோணல் எதுவானாலும் அந்த இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கும் தரையில் எழுதப்பட்டுவிடும். அதனால்தான் அரைக்கால் அங்குலம், அதாவது மூன்று மில்லிமீட்டர், என்பது இந்த வேலையில் சிறிய அளவாகக் கருதப்படுவதில்லை.

புல்லில் தெரிந்த இரண்டு வடிவங்கள்

வண்டியை ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினோம். என்ஜினும் கியரும் நல்ல நிலையில் இருந்தன, வெட்டுதான் சரியில்லை. வெளிச்சுற்றில், வேலியோரமாக ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வெட்டிய இடத்தில், ஒவ்வொரு சுற்றின் விளிம்பிலும் ஒரு படி தெரிந்தது. நடுப்பகுதியில், போவதும் திரும்புவதுமாக நேர்கோட்டில் வெட்டிய இடத்தில், படி எதுவும் இல்லை. அகலமான, மெதுவான அலைகள்தான் இருந்தன. ஒரே வண்டி, ஒரே நாள், ஒரே புல். ஆனால் இரண்டு விதமான குறை. முதலில் இரண்டுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

காகிதத்தில் வரைந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே என்பது புலப்படும். டெக்கின் இடப்பக்கம் தாழ்ந்தும் வலப்பக்கம் உயர்ந்தும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே திசையில் சுற்றும்போது, முந்தைய சுற்றின் இடவிளிம்பை அடுத்த சுற்றின் வலவிளிம்பு வந்து தொடுகிறது. தாழ்ந்ததும் உயர்ந்ததும் அருகருகே நிற்பதால் படி உண்டாகிறது. போய்த் திரும்பும்போதோ இடவிளிம்பை இடவிளிம்பும், வலவிளிம்பை வலவிளிம்பும் தொடுகின்றன. தாழ்வோடு தாழ்வும் உயர்வோடு உயர்வும் சேர்வதால் படி மறைந்து, இரண்டு டெக் அகலத்துக்கு ஒருமுறை எழுந்து தாழும் அலை மட்டும் மிஞ்சுகிறது. போய்த் திரும்பி வெட்டுபவர்கள் பலர் இந்தக் கோணலை ஆண்டுக்கணக்கில் கவனிக்காமலேயே இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். டெக் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறதா என்று அறிய விரும்புபவர், வேண்டுமென்றே ஒரே திசையில் மூன்று நான்கு சுற்று ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை அது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. போய்த் திரும்பி வெட்டிய புல்வெளியில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகப் பட்டைகள் தெரிவது இயல்பு. அது உயர வேறுபாட்டால் வருவதன்று. வண்டி போன திசையில் புல்லின் இலைகள் சாய்ந்திருக்கும்; நம்மை விட்டு அகன்று சாய்ந்தவை ஒளியை அதிகம் பிரதிபலித்து வெளிறியும், நம்மை நோக்கிச் சாய்ந்தவை இருண்டும் தெரியும். எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தால் இரண்டு நிறங்களும் இடம் மாறிவிடும். உயர வேறுபாடு அப்படி மாறாது. ஐயம் இருந்தால் ஒரு அளவுகோலைப் புல்லுக்குள் மண்வரை செருகி, இரண்டு பட்டைகளிலும் அளந்துவிட வேண்டும். நான் அளந்தபோது இடத்துக்கும் வலத்துக்கும் இடையே அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு இருந்தது.

மற்றக் குறைகளும் இதேபோல் தமக்கென ஒரு வடிவத்தோடுதான் வருகின்றன. ஒவ்வொரு ஓட்டத்தின் நடுவிலும் வெட்டப்படாமல் ஒரு மெல்லிய கோடு நின்றால், இரண்டு பிளேடுகளும் ஒன்றையொன்று தாண்டிச் செல்லும் பகுதியில் நுனிகள் தேய்ந்திருக்கின்றன. ஒரே ஓட்டத்துக்குள்ளேயே பாதி உயரமாகவும் பாதி தாழ்வாகவும் இருந்தால், டெக்கைச் சாய்த்துச் சரிசெய்ய முடியாது. ஒரு பிளேடு வளைந்திருக்கும், அல்லது அதைத் தாங்கும் ஸ்பிண்டில் வளைந்திருக்கும். அங்கங்கே புல் நின்றுவிட்டால் வேகம் அதிகம், அல்லது பெல்ட் தளர்ந்து பிளேடு மெதுவாகச் சுற்றுகிறது. இவற்றையெல்லாம் விலக்கிய பிறகே டெக்கின் சாய்வைச் சரிசெய்யும் நட்டுகளைத் தொட வேண்டும்.

எதை வைத்து மட்டம் பார்ப்பது

நண்பர் சொன்ன ரசமட்டத்துக்கு வருகிறேன். லேத் போன்ற இயந்திரம் ஒரே இடத்தில் நிலையாக நிற்பது. அதன் படுகையைப் புவிக்குக் கிடையாக நிறுத்துவதற்குப் பொருள் உண்டு, ரசமட்டம் காட்டுவது அந்தக் கிடையைத்தான். புல்வெட்டும் வண்டிக்கோ புவியின் கிடை தேவையே இல்லை. அது சரிவில் ஏறும், இறங்கும், பக்கவாட்டில் சாய்ந்து போகும். எங்கே போனாலும் அதன் நான்கு சக்கரங்கள் தொடும் தளத்துக்கு பிளேடுகள் எப்படி நிற்கின்றன என்பதே வெட்டைத் தீர்மானிக்கிறது.

இது ஏட்டளவிலான வேறுபாடு என்று தோன்றலாம். இங்குள்ள கராஜ் தளங்களைத் தண்ணீர் வெளியே ஓடும்படி கதவை நோக்கி, அடிக்கு அரைக்கால் அங்குலம் என்ற அளவில் சரித்துப் பூசுவது வழக்கம். அந்தச் சரிவுக்குக் குறுக்காக வண்டியை நிறுத்தி, டெக்கின் மேல் ரசமட்டம் வைத்து, குமிழ் நடுவுக்கு வரும்வரை நட்டைத் திருப்பினால், 42 அங்குல அகலத்தில் ஏறத்தாழ அரை அங்குலக் கோணலை நாமே உண்டாக்கியிருப்போம். அதே தளத்தில் பிளேடு நுனியிலிருந்து தரைவரை அளவுகோலால் அளந்தால் சரிவு ஒரு பொருட்டே இல்லை. சக்கரங்களும் அளவுகோலும் ஒரே தளத்தில் நிற்கின்றன. தளம் சரிந்திருக்கலாம், ஆனால் மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். நீண்ட நேரான பலகை ஒன்றைத் தரையில் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். இதை நண்பரிடம் விளக்கியபோது அவர் உடனே ஏற்றுக்கொண்டார். பட்டறை அறிவு உள்ளவரிடம் பேசுவதில் உள்ள நிறைவு அது. எதிலிருந்து அளக்கிறோம் என்ற கேள்வி அவருக்குப் புதிதில்லை.

தளம் முடிவானதும் அடுத்தது டயர். பக்கவாட்டுக் கோணலில் டயருக்கு இருக்கும் பங்கை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். இந்த வகை வண்டியின் முன் அச்சு நடுவில் ஒரே ஆணியில் ஊசலாடும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையில் பதிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதன் விளைவாக, வண்டியின் சட்டம் இடமோ வலமோ சாய்வதைப் பின்சக்கரங்கள் இரண்டுமே தீர்மானிக்கின்றன. முன்டயர் ஒன்றில் காற்று குறைந்தால் வண்டியின் மூக்கு சற்றுத் தாழுமே தவிரப் பக்கவாட்டில் சாயாது. பின்டயர் ஒன்றில் காற்று குறைந்தால் டெக் முழுவதும் அந்தப் பக்கம் இறங்கும். டெக் பின்சக்கரங்களின் இடைவெளியைவிட அகலமானது என்பதால், சக்கரத்தில் கால் அங்குலமாக இருக்கும் தாழ்வு டெக்கின் விளிம்பில் அதைவிடப் பெரிதாகிறது. இவை குறைந்த அழுத்த டயர்கள். பின்னால் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம்), முன்னால் 14 பி.எஸ்.ஐ. என்ற அளவு பல வண்டிகளுக்கு உண்டு. 10 இருக்க வேண்டிய இடத்தில் 6 இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, புல்லில் தெரியும்.

எங்கள் வண்டியில் இடப்பக்கப் பின்டயர் ரிம்மோடு சேரும் விளிம்பில் மெல்லக் காற்றை இழந்துகொண்டிருந்தது. அந்த இடத்தின் துருவைச் சுரண்டி, டயரைப் பதிய வைத்து, இரண்டு பின்டயரிலும் ஒரே அழுத்தம் ஏற்றியதும் பக்கவாட்டுக் கோணலில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. மிஞ்சிய அரைக்கால் அங்குலத்துக்கும் சற்று அதிகமான வேறுபாட்டுக்கு மட்டுமே நட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. டயரைப் பார்க்காமல் முதலிலேயே நட்டைத் திருப்புபவர், காற்றுக் குறைந்த டயருக்கு ஏற்ப டெக்கைச் சரிசெய்கிறார். அந்த டயருக்குக் காற்றடிக்கும் நாளில் கோணல் எதிர்த்திசையில் திரும்பிவரும்.

அளப்பது எப்போதும் பிளேடின் நுனியிலிருந்துதான். டெக்கின் ஓடு எனப்படும் வெளிக்கூட்டை வைத்து அளக்கும் வழக்கமும் இருக்கிறது: இரண்டுக்கு நான்கு என்று அழைக்கப்படும் மரத்துண்டுகளை ஓட்டின் விளிம்புகளுக்கு அடியில் வைத்து, டெக்கை அவற்றின்மேல் இறக்கி, அந்த நிலையில் நட்டுகளை இறுக்குவார்கள். (இரண்டுக்கு நான்கு என்ற பெயர் இருந்தாலும் அந்த மரத்தின் உண்மையான அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்.) விரைவான முறைதான். ஆனால் தகட்டை அழுத்தி உருவாக்கிய ஓடு, மரவேரிலும் நடைபாதையின் விளிம்பிலும் மோதி மோதி அங்கங்கே நசுங்கியிருக்கும். புல்லை ஓடு வெட்டுவதில்லை. பழைய வண்டியில் ஓட்டின் விளிம்பை நம்புவது சரியன்று என்பதே என் முடிவு.

நுனியை அளப்பதற்குமுன், அந்த நுனி நம்பத் தகுந்ததா என்றும் பார்க்க வேண்டும். சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்து, கனமான கையுறை அணிந்த பிறகே பிளேடில் கை வைக்கலாம். இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. ஒரு நுனி தரையிலிருந்து நிற்கும் உயரத்தைக் குறித்துக்கொண்டு, பிளேடை அரைச்சுற்று சுற்றி, மறுநுனி அதே இடத்துக்கு வரும்போது மீண்டும் அளக்க வேண்டும். அரைக்கால் அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் பிளேடு வளைந்திருக்கிறது. புதியதாக மாற்ற வேண்டும். புதிய பிளேடிலும் அதே வேறுபாடு நீடித்தால் குறை ஸ்பிண்டிலில். வளைந்த பிளேடைத் தட்டி நிமிர்த்துவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்கப் பாதுகாப்புத் தரநிலை பிளேடு நுனியின் வேகத்துக்கு நிமிடத்துக்கு 19,000 அடி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 347 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குப் பக்கத்தில் சுற்றும் இரும்பில் விரிசல் இருக்கக் கூடாது.

முன்பக்கம் ஏன் தாழ வேண்டும்

பக்கவாட்டுக் கோணல் தீர்ந்து, படிகளும் அலைகளும் மறைந்த பிறகும் ஒரு குறை மிஞ்சியது. வெட்டிய மறுநாள் புல்வெளி முழுவதும் நரைத்தது போல் ஒரு மங்கல் பரவியது. குனிந்து ஒரு இலையைப் பறித்துப் பார்த்தால் நுனி நேராக வெட்டப்பட்டிருக்கவில்லை. நார் நாராகக் கிழிந்து, காய்ந்து, வெள்ளையும் பழுப்புமாக நின்றது. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் மழுங்கிய பிளேடு. பிளேடுகள் புதியவை, சாணையும் எடைச் சமநிலையும் சரியாக இருந்தன. என்ஜினையும் முழு வேகத்தில்தான் ஓட்டினேன். டெக்கின் அடியில் ஒட்டிய பழைய புல்லையும் சுரண்டி எடுத்தாகிவிட்டது. ஆனாலும் நுனி கிழிந்தது. கோடையை நெருங்கும் ஃபெஸ்க்யூவுக்கு இது வெறும் அழகுக் குறை ஆகாது. கிழிந்த நுனி நீரை அதிகமாக இழக்கும், பூஞ்சை நோய்கள் நுழைய வழியும் தரும்.

பிளேடை வண்டியின் நீளவாக்கில் திருப்பி வைத்து முன்நுனியையும் பின்நுனியையும் அளந்த மாலைதான் எனக்கு விஷயம் விளங்கியது. பின்நுனி முன்நுனியைவிடக் கால் அங்குலத்துக்கு மேல் தாழ்ந்திருந்தது. டெக்கின் முன்பகுதியைத் தாங்கும் கம்பியில் பூட்டு நட்டு தளர்ந்து, சரிசெய்யும் நட்டும் நகர்ந்துபோயிருந்தது. பிளேடை மெதுவாகக் கையால் சுற்றிக்கொண்டே, இந்த நிலையில் வண்டி முன்னே நகர்ந்தால் ஒரு புல்லுக்கு என்ன நேரும் என்று தொடர்ந்து எண்ணிப் பார்த்தேன். முதலில் முன்பக்க வளைவு, அதாவது பிளேடு சுற்றும் வட்டத்தின் முன்பாதி, வந்து அதை உயரமாக வெட்டுகிறது. பிறகு டெக் அதன்மேல் நகர்ந்து செல்ல, பின்பக்க வளைவு வந்து அதே புல்லைத் தாழ்வாக இன்னொரு முறை வெட்டுகிறது. பின்பக்க வளைவில் பிளேடு எதிர்த்திசையில் ஓடுகிறது. ஏற்கெனவே ஒரு பக்கம் வளைக்கப்பட்டு, நிமிர முயலும் புல்லை எதிர்ப்பக்கமிருந்து அடிக்கிறது. ஒவ்வொரு புல்லும் இருமுறை வெட்டுப்படுகிறது. இரண்டாவது வெட்டுதான் நமக்குத் தெரிகிறது. அந்த இரண்டாவது வெட்டு மோசமான வெட்டு.

சுற்றும் பிளேடு எப்படி வெட்டுகிறது என்பதை நினைவில் கொண்டால் இது இன்னும் தெளிவாகும். 1830-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் அருகே எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டும் இயந்திரம், கம்பளித் துணியின் மேல்மயிரைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து உருவானது. உருளையில் பொருத்திய கத்திகள் கீழே நிலையாக நிற்கும் ஒரு தகட்டோடு உரசிச் செல்ல, இடையில் அகப்படும் புல் கத்தரிக்கோலில் அகப்பட்டதைப் போல் நறுக்கப்படும். நம் ரைடிங் மோவரில் அந்த நிலைத்தகடு இல்லை. புல்லை மறுபக்கமிருந்து பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. புல் சாய்வதற்கு நேரம் கிடைக்கும்முன் அடித்துத் துண்டிக்கும் வேகம் மட்டுமே அதன் பலம். பிளேடின் பின்விளிம்பில் மேல்நோக்கி வளைந்த சிறகு காற்றை உறிஞ்சிப் புல்லை நிமிர்த்துகிறது. நிமிர்ந்து நிற்கும் புல்லை முதல் அடியிலேயே வெட்டினால் சுத்தமான வெட்டு. சாய்ந்ததை, ஏற்கெனவே அடிபட்டதை, மறுபடி அடித்தால் கிழிசல்.

அப்படியானால் முன்நுனி தாழ்ந்திருக்கச் சொல்லும் கையேட்டின் காரணம் வெளிப்படை. முன்வளைவு புல்லை இறுதி உயரத்தில் ஒரே முறை வெட்டிவிட வேண்டும். பின்வளைவு அதைத் தொடாமல் மேலாகக் கடந்துபோக வேண்டும். வண்டிக்கு வண்டி அளவு மாறினாலும், அரைக்கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலத்துக்குள் இந்த முன்சாய்வைக் கையேடுகள் கேட்கின்றன. பின்வளைவு சும்மா சுற்றுவதால் என்ஜினின் சுமையும் குறைகிறது.

நண்பர் இதற்கும் ஒரு மறுப்பு வைத்திருந்தார். அந்த மறுப்பு சரியானது என்பதால்தான் இதை எழுதுகிறேன். "அப்படிச் சாச்சு வெச்சா வெட்டு எப்படிங்க தட்டையா வரும்? ஒவ்வொரு பிளேடும் கிண்ணம் மாதிரி குடையாதுங்களா?" என்று கேட்டார். குடையும். சாய்ந்த தளத்தில் சுற்றும் பிளேடின் முன்நுனிதான் மிகத் தாழ்வானது. இடத்திலும் வலத்திலும் நுனி நடு உயரத்தில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பிளேடும் வெட்டும் பாதையின் நடுப்பகுதி அதன் ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்கும், முன்பின் வேறுபாட்டில் சரியாகப் பாதியளவுக்கு. கால் அங்குலம் சாய்த்தால் அரைக்கால் அங்குல ஆழத்தில் மிக மெல்லிய குழிவு. அரை அங்குலம் சாய்த்தால் கால் அங்குலக் குழிவு. குட்டையாக வெட்டிய புல்லில் அது கண்ணுக்கே தெரியத் தொடங்கும். நண்பர் கேட்ட பூஜ்யச் சாய்வில் மட்டுமே வெட்டு உண்மையில் தட்டையாக வரும்.

அதுவரை ஒரே குறிக்கோளாக நான் எண்ணியிருந்தது உண்மையில் இரண்டு என்பது அந்த உரையாடலில்தான் எனக்குத் தெளிவானது. சமமான வெட்டு சாய்வே கூடாது என்கிறது. சுத்தமான வெட்டு சாய்வு வேண்டும் என்கிறது. நண்பர் முதலாவதற்காகப் பேசினார், கையேடு இரண்டாவதற்காகப் பேசியது. இரண்டையும் முழுமையாகத் தரும் அளவு இந்த இயந்திரத்தில் கிடையாது.

எனவே சோதித்துப் பார்த்தோம். மே மாதத்தில் புல் அடர்ந்து, ஈரம் முழுதும் காயாத ஒரு காலை. வேண்டுமென்றே கடினமான நிலையைத்தான் தேர்ந்தெடுத்தோம். புல்வெளியின் ஒரு பாதியை முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் வைத்து வெட்டினோம். மறுபாதியைக் கால் அங்குல முன்சாய்வில். தட்டையாக வைத்த பாதியில் பலகையை வைத்துப் பார்த்தபோது குழிவு இல்லை, நண்பர் சொன்னது போலவே. ஆனால் அடர்ந்த இடங்களில் என்ஜினின் ஒலி இறங்கியது. வெட்டிய புல் திரளாக விழுந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது நுனிகளில் கணிசமானவை கிழிந்திருந்தன, முதலில் இருந்த அளவுக்கு இல்லாவிட்டாலும். பின்வளைவு அதே உயரத்தில் சுற்றுவதால், வெட்டுப்பட்டு நிமிர்ந்த இலைகளை அது தொட்டுக்கொண்டே இருக்கிறது. சாய்த்து வைத்த பாதியில் நுனிகள் நேராக, பச்சை மாறாமல் நின்றன. அரைக்கால் அங்குலக் குழிவு இருப்பதாகத் தெரிந்தும், மூன்றரை அங்குல உயர ஃபெஸ்க்யூவில் அதை எங்கள் இருவராலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் முடிவு இதிலிருந்துதான் வருகிறது. மூன்று அங்குலத்துக்கு மேல் வெட்டும் ஃபெஸ்க்யூவுக்குக் கால் அங்குலச் சாய்வு சரியான சமரசம். குழிவை உயரம் மறைத்துவிடுகிறது, சுத்தம் கிடைக்கிறது. ஒன்றரை அங்குலத்தில் வெட்டும் பெர்முடா புல் வைத்திருப்பவர் அனுமதிக்கப்பட்ட அளவின் கீழ்விளிம்பில், அரைக்கால் அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த உயரத்தில் குழிவு தெரியும். அரை அங்குலத்துக்கு மேல் சாய்ப்பது எந்தப் புல்லுக்கும் நல்லதில்லை. ஓட்டின் முன்விளிம்பு மிகத் தாழ்ந்து, பிளேடு வந்து சேரும்முன்னே புல்லை மடக்கிவிடும்; மடங்கிய புல் வண்டி போன பிறகு எழுந்து நிற்கும். நண்பர் இப்போது தம் வண்டியில் அரைக்கால் அங்குலம் சாய்த்து வைத்திருக்கிறார். அதற்கு மேல் இறங்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் புல்லை என்னைவிடக் குட்டையாக வெட்டுபவர் என்பதால் அவர் அளவு அவருக்குச் சரி என்றே நானும் கருதுகிறேன்.

சரிசெய்யும் வேலை நீண்டதன்று. வழக்கமாக வெட்டும் உயரத்தில் டெக்கை நிறுத்தி, பிளேடுகளைக் குறுக்காகத் திருப்பி இடநுனியையும் வலநுனியையும் அளந்து, பக்கவாட்டை முதலில் முடிக்க வேண்டும். பிறகு பிளேடுகளை நீளவாக்கில் திருப்பி முன்கம்பியின் நட்டைத் திருப்ப வேண்டும். முன்பக்கத்தைத் தொட்ட பிறகு பக்கவாட்டை மறுபடி அளப்பது அவசியம், ஒன்றை மாற்றினால் மற்றது சிறிது நகரும். பூட்டு நட்டை இறுக்கும்போதும் அளவு நகர்வதுண்டு. ஆகையால் இறுதி அளவை இறுக்கிய பிறகே எடுக்க வேண்டும். எங்கள் வண்டி அந்த நிலைக்கு வந்து சேர்ந்ததே ஒரு பூட்டு நட்டு தளர்ந்ததால்தான்.

டெக்கால் முடியாதது

இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் புல்வெளியின் ஒரு மூலையில் வெட்டு சரியாக வரவில்லை. பைன் மரங்களின் வேர்கள் மேலெழுந்து மண்ணைத் தூக்கியிருக்கும் இடம் அது. பின்சக்கரம் ஒன்று வேர்மேட்டில் ஏறும்போது டெக் சாய்ந்து, மறுவிளிம்பு மண்ணைச் சுரண்டிவிடுகிறது. இதைத் தடுக்கத்தான் டெக்கின் ஓரங்களில் சிறு உருளைச் சக்கரங்கள் இருக்கின்றன. அவை எப்போதும் தரையில் ஓடுவதற்கானவை என்று நினைத்து அடிவரை இறக்கி வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால் டெக்கின் எடை முழுவதும் அவற்றின்மேல் ஏறி, இவ்வளவு பாடுபட்டு வைத்த அளவுகளைக் குலைத்துவிடும். சமதளத்தில் அவை தரையிலிருந்து கால் முதல் அரை அங்குலம் வரை உயர்ந்து நிற்க வேண்டும், மேடு வரும்போது மட்டும் தொட வேண்டும். வெட்டும் உயரத்தை மாற்றினால் இவற்றைப் பொருத்தும் துளையையும் மாற்ற வேண்டும். டெக்கின் அளவுகளையெல்லாம் முடித்த பிறகு கடைசியாகத் தொட வேண்டியவை இவையே.

அந்த உருளைகள் சுரண்டலைக் குறைத்தன, முழுவதும் நிறுத்தவில்லை. 42 அங்குல அகலமுள்ள விறைப்பான தகடு ஒன்று, ஓரடிக்குள் இரண்டு அங்குலம் ஏறி இறங்கும் நிலத்தின்மேல் எந்த அளவில் வைத்தாலும் சமமாக வெட்டாது. அங்கே திருத்த வேண்டியது மண். இந்தப் பகுதியில் ஃபெஸ்க்யூவுக்கு மேல்விதை தூவும் காலம் செப்டம்பரும் அக்டோபரும். அப்போது வேர்களுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் சலித்த மண்ணையும் மட்கிய உரத்தையும் கலந்து, இருக்கும் புல் மூடிவிடாதபடி அரை அங்குலத்துக்கு மிகாமல் பரப்பி, விதை தூவுகிறேன். வேரை வெட்டவோ அதன்மேல் தடிமனாக மண் கொட்டவோ கூடாது, மரம் பாதிக்கப்படும். ஒரே இலையுதிர் காலத்தில் பள்ளம் நிரம்பிவிடாது. அதுவரை அந்த மூலையில் டெக்கை ஒரு படி உயர்த்தி, கீழ் கியரில் மெதுவாக, ஒவ்வொரு முறையும் வேறு திசையிலிருந்து வெட்டி வருகிறேன்.